தின்கிற பை

சீனு,

அம்மாவின் ஆசீர்வாதம். ரங்கூனிலிருந்து உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இரண்டாம் நாளே பதில் போட்டுவிடுகிறவள் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள் என்று நீ கவலைப்பட்டிருப்பாய். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறார். உன் கடிதத்தில் மூன்றாவது பக்கத்தில் இருந்த சில வரிகளைத் தாண்டி என்னால் வர முடியவில்லை, அவ்வளவுதான்.

குழந்தை ரகுவைப் பற்றி எழுதியிருந்தாய். உன் ஆபீஸ் பெரியவர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் மூக்குக் கண்ணாடி உடைந்து கிடந்தது, யார் உடைத்தது என்று கேட்டதற்கு ரகு அந்தப் பெரியவரைக் காட்டி "இந்த மாமாதான் மிதிச்சார்" என்று சொன்னான், அவர் எதிரிலேயே நீ அவனை அறைந்தாய். அதோடு இதையும் எழுதியிருந்தாய்: "எனக்கும் சின்ன வயசில் இந்தப் புத்தி இருந்ததல்லவா அம்மா? உன் மேலேயே பழி போட்டுப் பொய் சொன்னேனே. அன்றைக்கு நீ கொடுத்த ஒரே அறைதான் என்னை மனுஷனாக்கியது. அதை நினைத்துக்கொண்டுதான் நானும் கை ஓங்கினேன்."

சீனு, நீ பொய் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதுவதற்குள் தைரியம் போய்விட்டாலும் இந்த ஒரு வரியாவது உன் கைக்கு வந்து சேரட்டும். அன்றைக்குப் பொய் சொன்னவள் நான்.

அப்போது நாம் தால்தலாவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவின் ஆபீஸுக்கு டிராமில் போக அது வசதியாக இருந்தது. வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து இரண்டு குடித்தனம் விட்டிருந்தார் வீட்டுக்கார பாபு. முற்றமும் குழாயும் மட்டும் பொது. மறு பாதியில் ஃப்ளோரா இருந்தாள். ஆங்கிலோ இந்தியப் பெண். ரயில்வேயில் கார்டாக இருந்த புருஷன் செத்துப்போய், அக்கம்பக்கத்து மேம்சாப்புகளுக்கு கவுன் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு அவள் ஆன்ட்டி. எனக்கு முதல் இரண்டு வருஷம் அவள் ஒன்றுமே இல்லை. குழாயடியில் அவள் குடத்தை எடுத்த பிறகு நான் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் என் குடத்தை வைப்பேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுவுவேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

உனக்கு ஐந்து வயது நடந்தபோது உனக்கு ஒரு தங்கை பிறக்க இருந்தாள். உயிரில்லாமல் பிறந்தாள். அதன் பிறகு எனக்கு ஜுரம் கண்டு விடாமல் அடித்தது. ஊரிலிருந்து வர யாருமில்லை. அப்பா ஒரு வாரம் லீவு போட்டார், அதற்கு மேல் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். காலையில் கஞ்சி வைத்துவிட்டு அவர் கிளம்பிப் போனால், நீயும் நானும்தான். நான் தண்ணீர் கேட்டு முனகியதை நீ போய் ஃப்ளோராவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "உள்ளே வரலாமா?" என்று இந்துஸ்தானியில் கேட்டாள். அவள் குடம் வைத்த இடத்தைக் கழுவியவளிடம் அனுமதி கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு இரண்டு மாதம் அவள்தான் நம் வீட்டைப் பார்த்தாள். என் துணியைத் துவைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், உன்னைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்தாள். நானும் அவளைத் தீதி, அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு எதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் இந்த ஊர்ப் புயல் காற்று அடித்து, பக்கத்துத் தோட்டத்து மாங்காயெல்லாம் சந்தில் உதிர்ந்து உருண்டது. நீ சட்டையில் பொறுக்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தாய். மறுநாள் மத்தியானம் ஒரு பீங்கான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் கட்டிலருகில் நின்றாய். பொன்னிறமாக வெந்த மாவுக்குள்ளே மாங்காயும் சர்க்கரையும் கூழாகிக் கிராம்பு மணத்தது. "பைம்மா. ஆன்ட்டி பண்ணினா. தின்னு" என்று சொல்லி ஸ்பூனை என் வாயில் வைத்தாய்.

நான் தின்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு என் நாக்கு முதன்முதலாக ருசி கண்டது அன்றைக்குத்தான். மறுபடி கேட்டு வாங்கித் தின்றேன். ஃப்ளோரா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டை இல்லை, கொழுப்பு இல்லை, வெறும் வெண்ணெய்தான். புதுத் தட்டில் செய்தேன். பயப்படாதே" என்றாள். மாங்காய் முற்றும் வரை வாரம் ஒரு தரம் செய்தாள். அடுத்த வருஷமும் செய்தாள். மத்தியான வேளையில் நீயும் நானும் கட்டிலில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்போம். "அப்பாகிட்ட சொல்லப்படாது, என்ன?" என்று நான் சொல்லுவேன். "சொல்ல மாட்டேன்" என்று நீ என் கன்னத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வாய். ஒளிக்கக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான்.

உனக்கு ஏழு வயதில் பூணூல் போடுவதற்காகக் கும்பகோணத்திலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் இன்னும் சில உறவுக்காரர்களும் வந்தார்கள். பெரியப்பா முன்னால் உன் அப்பா உட்காரக்கூட மாட்டார் என்பது உனக்கே தெரியும். பூணூலுக்கு முதல் நாள் காலையில் எல்லோரும் கூடத்தில் கூடிப் பட்சணத்துக்கு ஜாபிதா போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா உன்னை மடியில் இழுத்து உட்கார்த்தி, "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேடா. நோக்கு என்ன பட்சணம் வேணும், சொல்லு" என்றார்.

"எனக்குப் பை வேணும்" என்றாய்.

"பையா? பள்ளிக்கூடத்துக்கு எடுத்துண்டு போறதுக்கா?"

"இல்லே பெரியப்பா. திங்கற பை."

எல்லோரும் சிரித்தார்கள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நெஜம்மா திங்கற பைதான். மாங்காய் போட்டு ஆன்ட்டி பண்ணுவா" என்று சொல்லி நடுச் சுவரைக் காட்டினாய்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நோக்குத் தெரியுமாடி இது?" என்று கேட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த மனுஷி இல்லாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அழுதிருந்தால்கூடப் போதும். நான் சொன்னது இதுதான்: "நேக்கெப்படித் தெரியும் மன்னி? நான்தான் படுத்த படுக்கையா கிடந்தேனே. அவளே கொழந்தைக்கு ஆசை காட்டிக் குடுத்திருப்பா. அதிலே என்ன கண்றாவியைப் போட்டாளோ."

நீ பெரியப்பா மடியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாய். உன் முகத்தில் கோபம் இல்லை. நான் மறந்துவிட்டேன் போலிருக்கிறது, ஞாபகப்படுத்தலாம் என்று நினைத்தவன் மாதிரி, "நீயும் சாப்டியேம்மா. ரெண்டு துண்டு சாப்டியே" என்றாய்.

அறைந்தேன். உன் தலை தூணில் போய் இடித்தது. "பொய் சொல்றான். யாரோ சொல்லிக் குடுத்திருக்கா" என்று கத்தினேன். நின்றுகொண்டிருந்த உன் அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார், பிறகு திரும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

பெரியப்பா முற்றத்துக்குப் போய் ஃப்ளோராவைக் கூப்பிட்டார். கையில் தைத்துக்கொண்டிருந்த துணியோடு அவள் வந்தாள். எங்களுக்குத் தெரியாமல் குழந்தைக்கு ஆகாததைக் கொடுத்தாயா என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்தபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம் சாப். நான்தான் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்றாள். அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியப்பா வீட்டுக்கார பாபுவிடம் போய்ப் பேசினார். மாதம் முடிவதற்குள் ஃப்ளோரா வீட்டைக் காலி செய்துவிட்டாள். அவள் சாமான்கள் வண்டியில் ஏறியபோது நான் சமையலறையில் இருந்தேன். எழுந்து வாசலுக்கு வரவில்லை.

உனக்குப் பஞ்சகவ்யம் கொடுத்து, விளக்கின் முன் நிற்கவைத்து, "இனிமே பொய் சொல்ல மாட்டேன்" என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாய். பூணூல் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாய், "அம்மா, நெஜம்மாவே நீ சாப்பிடலையா? நான் கனாக் கண்டேனா?"

வீட்டில் அப்போது யாருமே இல்லை, சீனு. பெரியப்பா இல்லை, பெரியம்மா இல்லை, யாருக்கும் நான் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாண்டா கண்ணா, கனாத்தான் கண்டிருப்பே" என்றேன். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டாய். அந்த அறையைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அறைந்தது பயத்தில். இதைச் சொன்னபோது எனக்குப் பதற்றம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நீ யாரிடமும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாய். சமர்த்துப் பிள்ளை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது வீட்டுக்கு வந்தவர்களிடம் நீயே சிரித்துக்கொண்டு, "சின்ன வயசுலே நான் பெரிய புளுகன். அம்மா பேர்லேயே பொய் சொல்லியிருக்கேன்" என்று அந்தக் கதையைச் சொன்னாய். நான் காபி எடுத்துக்கொண்டு வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நடிப்பாக இருக்குமோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நீ முழுக்க நம்பிவிட்டிருந்தாய். உனக்கு நன்றாக ஞாபகம் இருந்த ஒன்றை என் வார்த்தைக்காக அழித்துக்கொண்டிருந்தாய். அன்றும் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இப்படியே இருபத்துமூன்று வருஷம் போய்விட்டது. உன் கடிதம் வராவிட்டால் மிச்சமும் போயிருக்கும். நான் சொன்ன பொய் கடல் தாண்டிப் போய் ரகுவின் கன்னத்தில் விழும் என்று நான் நினைக்கவே இல்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் காளிகட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதுவும் பொய்தான். நம் வீட்டுப் பக்கம் பவானிப்பூரில் டிராம் ஏறித் தால்தலாவுக்குப் போனேன். பழைய சந்தில் தையற்கடைக்காரர் மட்டும் இன்னும் இருக்கிறார். ஃப்ளோரா ஹவுராவில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால், மாதா கோயிலை ஒட்டித் தம்பி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். படகுத்துறைக்குப் போய் ஸ்டீமரில் அக்கரை போனேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் தனியாக ஆற்றைக் கடந்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்குக் கண் இரண்டிலும் சதை வளர்ந்து பார்வை போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "தீதி" என்று கூப்பிட்டேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாபா எப்படி இருக்கிறான்?" என்றாள். அவள் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மானத்தைக் காப்பாற்ற நீ உன் வீட்டை இழந்தாய் என்று சொல்லி அழுதேன்.

"உனக்காக நான் அதைச் சொல்லவில்லை" என்றாள் அவள். "பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உண்மையைச் சொன்னால் இன்னொரு அடி அவனுக்குத்தான் விழும். அதற்காகத்தான் சொன்னேன். உன் பேரில் எனக்கு ரொம்பக் கோபம் இருந்தது." பிறகு, "நீ சாப்பிட்டது நிஜம் என்று அவனிடம் எப்போது சொன்னாய்?" என்று கேட்டாள்.

"இன்னும் சொல்லவில்லை."

"இத்தனை வருஷமாகவா?" என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்படியென்றால் முதலில் என்னிடம் ஏன் வந்தாய்?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் தம்பி பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். கிளம்பும்போது, அந்தப் பையை எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வெறும் கையைக் காற்றில் அசைத்து, மாவும் வெண்ணெயும் எவ்வளவு, எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். "சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பிசைந்து விடாதே. நீ அப்படித்தான் செய்வாய்" என்றாள்.

அப்படித்தான் செய்தேன். நேற்றுக் காலையில் வாசல் கதவையும் சமையலறைக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, மைதாவில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் ரவை மாதிரி உதிரும் வரை தேய்த்தேன். கூஜாத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்தேன். பழக்கதோஷத்தில் கை தானாகப் போட்டு அழுத்திவிட்டது. மாங்காயைத் தோல் சீவிச் சீவலாக அரிந்து சர்க்கரையும் கிராம்பும் சேர்த்து, தட்டில் பரப்பிய மாவுக்குள் வைத்து மூடினேன். ஃப்ளோராவிடம் இருந்த இரும்புப் பெட்டி அடுப்பு நமக்கு ஏது? பெரிய பாத்திரத்தின் அடியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதில் இரும்பு வளையம் வைத்து, தட்டை அதன் மேல் இறக்கி மூடி, மூடியின் மேல் கரித்தணலைப் பரப்பினேன். முதல் பை அடியில் கரிந்து, கல்லாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி மாவு தேய்த்தேன். இரண்டாவது வேகும்போது அந்த மணம் வந்தது. அடுப்பருகிலேயே உட்கார்ந்துவிட்டேன், சீனு. என் கையில் ஒரு தட்டும் இல்லை, பக்கத்தில் நீயும் இல்லை.

அப்பா மணம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னடி பண்றே? வீடே மணக்கறது."

"பை பண்றேன். தால்தலாவிலே ஃப்ளோரா பண்ணுவாளே, அது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நான் சாப்பிட்டிருக்கேன். ரெண்டு வருஷம் சாப்பிட்டிருக்கேன். கொழந்தை அன்னிக்குச் சொன்னது நெஜம். நான்தான் பொய் சொன்னேன். காளிகட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அவளைப் பார்க்கத்தான் போனேன்."

கோபிப்பார் என்று நினைத்தேன். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு துண்டு குடு" என்றார். கொடுத்தேன். மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டார். "சீனுவுக்கு எழுதிட்டியா?"

"எழுதப் போறேன்."

"எழுதி முடிச்சுட்டு எங்கிட்ட குடு. நானும் ரெண்டு வரி எழுதணும்." இது வரை உனக்குப் போன எந்தக் கடிதத்திலும் அவர் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ரகு சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அறைவதற்கு முன் நீ கேட்கவில்லை. உன் பெரியவர் ஒருவேளை மிதித்திருக்கலாம். பெரியவர்களுக்குத் தாங்கள் மிதித்தது தெரியாமலும் போகும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் உண்டு. யாரும் இல்லாத நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று மறுபடி கேள். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே. அவன் இன்னும் அதையே சொன்னால் நம்பு. இல்லை, நான்தான் உடைத்தேன் என்று சொன்னால், பயத்தில் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார். நீ அவனிடம் மன்னிப்புக் கேட்பதால் அப்பா ஸ்தானம் குறைந்துபோகாது. நான் உன்னிடம் கேட்கிறேன். கேட்க எனக்கு வாய் கூசுகிறது, இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாளே என்று நீ நினைப்பாய் என்று உடம்பே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். என்னை மன்னிக்க முடியாவிட்டால் சும்மா இரு, பொய்யாக மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே.

அப்பா தனித்தாளில் எழுதியதைப் படித்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அம்மா

சிரஞ்சீவி சீனுவுக்கு, அப்பா எழுதுவது. அண்ணா ஊரிலிருந்து வருவதற்கு முதல் நாள் உன் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டைப் பார்த்தேன். அதில் இரண்டு ஸ்பூன் இருந்தது. யார் கண்ணிலும் படுவதற்கு முன் கழுவி அந்த அம்மாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தவன் நான்தான். நீ அடி வாங்கியபோது எனக்கு எல்லாம் தெரியும்.